பிளஸ் டூவுக்குப் பிறகு வாய்ப்பாட்டில் பட்டப்படிப்பு: சேர்க்கலாமா?

மாயவரம் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதியிருக்கிறாள், காமர்ஸ் குரூப். சின்ன வயதிலிருந்து ஊரிலேயே ஒரு டீச்சரிடம் பாட்டு கற்கிறாள். வர்ணங்கள் முடிந்து கீர்த்தனைகள் நிறையப் பாடம் ஆகியிருக்கின்றன. ஸ்வரங்களைத் தானே கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம் இப்போதுதான் ஆரம்பம். ராகத்தைச் சாகித்யம் இல்லாமல் தானே விரித்துப் பாடும் ஆலாபனை என்றால் பயந்து ஒதுங்குகிறாள். டீச்சருக்கு வயதாகிவிட்டது. "இனி என்னிடம் மட்டும் இருந்தால் போதாது, எங்காவது சேர்த்துவிடுங்கள்" என்று அவரே சொல்லிவிட்டார்.

எங்கள் முன்னால் இருப்பவை: சென்னை அரசு இசைக் கல்லூரி, திருவையாறு அரசு இசைக் கல்லூரி, பக்கத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இது எதுவும் வேண்டாம் என்றால் உள்ளூரில் பி.காம். சேர்த்துவிட்டு, வாரம் ஒரு நாள் கும்பகோணம் அனுப்பிப் பாட்டைத் தொடரலாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் பி.காம். பக்கம்தான். அவளுக்கு இசைதான் வேண்டும். வீட்டில் யாரும் பாடுகிறவர்கள் இல்லை, எனக்கு இதில் யாரையும் தெரியாது. இசைக் கல்லூரியில் படித்தவர்கள், படிப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மதுரை சஹானா எழுதியது:

பி.காம். போடுங்க அண்ணா. பாட்டு எங்கேயும் போகாது. கையில் ஒரு டிகிரி இருந்தால் கல்யாணம், வேலை எதற்கும் தைரியம். நான் அப்படித்தான் செய்தேன், இன்றும் கோயில்களில் பாடுகிறேன்.

கச்சேரி மேடை எழுதியது:

கல்லூரியில் பாடகர் உருவாவதில்லை. இன்று சென்னை டிசம்பர் சீசனில் மேடை ஏறுகிற யாரை எடுத்துக்கொண்டாலும் ஒரு குருவின் பெயரைத்தான் சொல்வார்கள், கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பாட்டு என்பது குருவின் எதிரில் உட்கார்ந்து, அவர் பாடுவதைக் காதில் வாங்கி, திரும்பப் பாடித் திருத்திக்கொள்வது. பாடத்திட்டம், செமஸ்டர், வருகைப் பதிவேடு எல்லாம் அதற்கு ஒத்துவராது. நல்ல குரு ஒருவரைத் தேடுங்கள். டிகிரி எதில் இருந்தால் என்ன?

பைரவி எழுதியது:

ஒரு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படித்து முடித்து, இப்போது பாட்டு சொல்லிக்கொடுத்துதான் பிழைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, எந்தக் கல்லூரிக்குப் போய் விசாரித்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை நிமிடம் என் மகள் தனியாகப் பாட, ஆசிரியர் கேட்பார்? கட்டடம், ரிசல்ட், விழா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் படித்த இடத்தில் வகுப்பு முழுவதும் கூட்டாகப் பாடுவதுதான் பாடம். ஆசிரியர் ஒரு வரி பாடுவார், பதினைந்து பேர் சேர்ந்து திருப்பிப் பாடுவோம். ஒருத்தி கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, விழுங்கினாலும் பக்கத்தில் இருப்பவள் குரலில் அது மறைந்துபோகும். கீர்த்தனைகள் மளமளவென்று பாடம் ஆகும், நோட்டு நிறையும். எது யாருக்குச் சரியாக வந்தது என்பது செய்முறைத் தேர்வு அன்றுதான் தெரியும். அப்போது திருத்த நேரம் இருக்காது.

ஸ்ருதி இன்னொரு பிரச்சினை. கட்டை என்பது ஸ்ருதியின் அளவு, எண் கூடினால் ஸ்ருதி உயரும். பையன்களுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. ஒரே வகுப்பில் ஒரே தம்பூரா. ஐந்தில் வைத்தால் பையன்கள் மேல் ஷட்ஜத்துக்குத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். இறக்கி வைத்தால் பெண்களுக்கு மந்தரத்தில் குரலே வராது. மூன்று வருடம் தனக்குப் பொருந்தாத ஸ்ருதியில் பாடி, குரல் அடைத்துப்போய் வெளியே வந்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. ஆண், பெண் வகுப்புகளைப் பிரித்து நடத்துகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

மனோதர்மமும், அதாவது அந்த இடத்திலேயே கற்பனை செய்து பாடுவதும், கூட்டத்தில் வராது. ஆலாபனை, ஒரே வரியைப் பலவிதமாக விரிக்கும் நிரவல், ஸ்வரம் மூன்றும் ஒருவர் தனியாகத் தடுமாறி, எதிரில் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, "அந்த நிஷாதத்தில் இவ்வளவு நேரம் நிற்காதே" என்று சொன்னால் வருவது. தோடி ராகத்தின் இலக்கணத்தைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குப் பிசகில்லாமல் எழுதிவிடுவோம். ஐந்து நிமிடம் தோடி பாடு என்றால் நாலாவது பிரயோகத்துக்கு, அதாவது ராகத் துணுக்குக்கு, மேல் கை வெறுமையாக இருக்கும். உங்கள் மகள் ஆலாபனைக்குப் பயப்படுகிறாள் என்றீர்கள். இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காத இடத்தில் சேர்த்தால் அந்தப் பயம் டிகிரியோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

இவ்வளவு சொல்லிவிட்டும், என்னைக் கேட்டால் அவளைக் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். காரணத்தை அடுத்த பதிவில் எழுதுகிறேன், பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

ஒத்து நாயனம் எழுதியது:

வாய்ப்பாட்டைப் பற்றி அக்கா சொல்லட்டும். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

நாகஸ்வரம், தவில் வாசிக்கிறவனுக்கு சான்றிதழ்தான் சோறு. அறநிலையத்துறைக் கோயில்களில் நாகஸ்வரம், தவில் பணியிடத்துக்கு அறிவிப்பு வந்தால், சமய நிறுவனங்களோ அரசு நிறுவனங்களோ நடத்தும் இசைப் பள்ளியின் சான்றிதழ் கேட்பார்கள். அப்பா, தாத்தா எல்லோரும் வாசித்த கோயிலாகவே இருந்தாலும் பேப்பர் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் வீட்டில் வித்தையைக் கற்றுக்கொண்டு, மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூன்று வருடம் படித்துத் தேர்வு எழுதினார்கள். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், தேவாரம், நாகஸ்வரம், தவில் என்று ஏழு பிரிவு இருக்கும். நாகஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே சேர்த்துக்கொள்வார்கள். பழனிக் கோயிலிலும் நாகஸ்வர தவில் பள்ளி இருக்கிறது.

ஒன்று மட்டும் வருத்தம். பல இடத்தில் நாகஸ்வர வகுப்பில் ஆளே இல்லை. ஆசிரியருக்கு எதிரில் இரண்டு பிள்ளைகள். தனிக் கவனம் கிடைக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் கூட வாசிக்க இன்னொரு நாயனம் இல்லாவிட்டால் ஜோடி வாசிப்பு எப்படி வரும்? சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியை ஒருவன் மட்டும் வாசித்துப் பழகி வீதியில் நிற்க முடியாது.

யாழ்ப்பாணத்து வயலின் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் யாழ். பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வயலின் படித்தேன். மருதனார்மடத்தில் 1960இல் தனிக் கல்லூரியாகத் தொடங்கி, பிறகு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இடம். மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்திருக்கிறார் என்பதில் எங்கள் ஊருக்கு இன்றும் பெருமை.

எங்கள் நிலைமை உங்களுடையதிலிருந்து வேறு. இங்கே கர்நாடக சங்கீதம் பாடசாலைப் பாடம். சாதாரண தரத்திலும் (உங்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரி) உயர்தரத்திலும் (பிளஸ் டூ மாதிரி) எடுக்கலாம். உயர்தரப் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் (திறமை பார்க்கும் தேர்வு) வைத்துத்தான் பல்கலைக்கழகத்துக்கு எடுப்பார்கள். அதற்குள்ளேயே பலர் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதி, ஆசிரியர் தரம் முடித்துக் கலாவித்தகர் பட்டமும் வாங்கியிருப்பார்கள். அடித்தளம் பொதுவாக நல்லா இருக்கும். பட்டம் முடித்தால் அரச பாடசாலையில் சங்கீத ஆசிரியர் நியமனம் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். நியமனம் பிந்தினால் பட்டதாரிகள் தெருவில் இறங்கிப் போராடுவதும் நடக்கும்.

இதனால் நடந்தது என்னவென்றால், எங்களில் பெரும்பாலானோர் ஆசிரியராக வருவதற்கே படித்தோம். கச்சேரி செய்வதற்கு என்று வந்த பிள்ளைகள் குறைவு. அதில் தவறே இல்லை, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலை. ஆனால் உங்கள் மகள் எதற்காகப் படிக்கப் போகிறார் என்று முதலே அவரோடு கதைத்துவிடுங்கோ. ஆசிரியர் ஆவதற்கு வேண்டிய படிப்பும் மேடைக்கு வேண்டிய படிப்பும் முதல் வருடத்திலேயே பிரிந்து போகும்.

பைரவி எழுதியது:

> கல்லூரியில் பாடகர் உருவாவதில்லை

இதை நான் ஏற்க மாட்டேன்.

சென்னையில் 1949இல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல்வராக இருந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா அங்கே ஆசிரியை. அந்தக் குடும்பத்துப் பதங்கள் என்ற பாடல்கள் அதுவரை யாருக்குக் கிடைத்தன? அந்த வீட்டுக்குள் போக முடிந்த சிலருக்கு. விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்து சேர்ந்த ஒரு மாணவி பிருந்தாம்மாவின் எதிரில் உட்கார முடிந்தது கல்லூரியால்தான். திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய கல்லூரிக்கு முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் செம்மங்குடியும் தலைமை வகித்தார்கள். அண்ணாமலையில் டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் சொல்லிக்கொடுத்தார்கள். டைகர் பிறகு கலாக்ஷேத்திராவுக்குப் போனார், எம்.டி. ராமநாதன் அங்கே அவரிடம் படித்தவர். எம்.டி.ஆருக்கு குரு டைகர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், அவர்கள் சந்தித்தது ஒரு கல்லூரியில் என்பதை விட்டுவிடுகிறோம்.

"நல்ல குருவைத் தேடுங்கள்" என்று சொல்வது எளிது. மாயவரத்தில் பாட்டுத் தொடர்பே இல்லாத ஒரு குடும்பம் யார் மூலமாகத் தேடும்? பெரிய வித்வான்களின் வீட்டுக் கதவு அறிமுகத்தில்தான் திறக்கிறது. குருகுலம் என்று நாம் கொண்டாடுகிற காலத்தில் எந்தச் சாதி, எந்தக் குடும்பம், ஆணா பெண்ணா என்று பார்த்துத்தான் பாடம் கிடைத்தது. அரசுக் கல்லூரியில் கட்டணமும் மிகக் குறைவு. அதனால் அந்த ஏற்பாட்டை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே தனி வகுப்பு வேண்டும் என்று கேட்பதும் அதனால்தான். கல்லூரி வேண்டாம் என்று சொல்ல அதைக் காரணமாக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், நேற்று எழுத நினைத்தது. கல்லூரியில் ஒரே வளாகத்தில் வயலின் படிக்கிறவள், மிருதங்கம் படிக்கிறவன், வீணை, கடம் எல்லோரும் இருப்பார்கள். வீட்டில் தனியாகக் கற்கிற பாட்டு மாணவிக்கு மிருதங்கத்தோடு உட்கார்ந்து பாடும் வாய்ப்பு அரங்கேற்றத்தன்றோ போட்டி மேடையிலோதான் முதல் முறையாகக் கிடைக்கும். காலப்பிரமாணம் (வேகம்) ஓடும், ஸ்வரக் கணக்கு முடிவில் இடம் தவறும், பயந்துவிடுவாள். நாங்கள் நான்கு பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளில்லாத வகுப்பறையில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருப்போம். நான் பாதியில் நிறுத்தினால் வயலின் தோழி என்ன பிரயோகம் விட்டேன் என்று வாசித்துக் காட்டுவாள். மிருதங்கக்காரப் பையன் மிஸ்ர சாப்பில் நான் எங்கே ஓடுகிறேன் என்று கையைத் தட்டி நிறுத்துவான். எனக்கு நிரவல் வந்தது அந்த அறையில்தான். ஆசிரியர் யாரும் அங்கே இல்லை. அது அட்டவணையில் இல்லாத நேரம், ஆனால் கல்லூரி இல்லாவிட்டால் எனக்கு அந்த நேரமே இல்லை.

ஆகவே இரண்டாவது கேள்வி: வகுப்பு முடிந்த பிறகு அறைகளைத் திறந்து வைப்பார்களா, பூட்டிவிடுவார்களா? ஹாஸ்டலில் காலை ஐந்து மணிக்கு அகார சாதகம் ('ஆ' என்று பாடும் குரல் பயிற்சி) செய்ய இடம் உண்டா? பக்கத்து அறைப் பெண் தூங்கவிடாமல் பாடுகிறாள் என்று வார்டனிடம் புகார் சொல்வாள், அதுவும் நியாயம்தான். சாதகம் செய்ய இடமில்லாத ஹாஸ்டலில் ஒரு பாட்டு மாணவி என்ன செய்வாள்?

மான்செஸ்டர் பெடியன் எழுதியது:

இங்கிலாந்தில் மேற்கத்திய வயலின் படிக்கிறேன். கேள்வி கர்நாடக இசையைப் பற்றியது என்று தெரியும், ஆனால் பைரவி அக்கா கேட்ட அந்த முதல் கேள்விதான் இங்கே முழு அமைப்பையும் இரண்டாகப் பிரித்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே இசை படிக்க இரண்டு வழி. ஒன்று கன்சர்வேட்டோர், இசைக்கென்றே உள்ள கல்லூரி. லண்டனில் 1822இல் தொடங்கிய ராயல் அகாடமி, 1882இல் நிறுவிய ராயல் காலேஜ், மான்செஸ்டரில் இரண்டு பழைய கல்லூரிகளை இணைத்து 1973இல் உருவான ராயல் நார்தர்ன் இவையெல்லாம் அந்த வகை. மற்றது சாதாரணப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறை. கன்சர்வேட்டோரில் வாரா வாரம் ஒரு ஆசிரியர், ஒரு மாணவர், மூடிய அறை. படிப்பின் நடுத்தூண் அதுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி. பட்டம் நான்கு வருடம். பல்கலைக்கழகத்தில் பொதுவாக மூன்று வருடம், வரலாறு, ஆய்வு, இயற்றுதல் இவற்றுக்கு எடை அதிகம், வாத்தியப் பாடம் பக்கத்தில் ஓடும். இரண்டையும் சேர்க்கும் ஏற்பாடும் உண்டு. கிங்ஸ் காலேஜ் லண்டனில் இசை படிப்பவர்களுக்கு ராயல் அகாடமி ஆசிரியர்கள் வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் ராயல் நார்தர்னும் சேர்ந்து ஒரு கூட்டுப் படிப்பு நடத்துகின்றன.

சேர்க்கையும் வாசித்துக் காட்டித்தான். அக்டோபர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு நேரில் போய் வாசிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர் என்றால் கட்டணம் வருடத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல், அது பெரிய தடை.

ஆனால் தனி வகுப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைக்காதீர்கள். என் முதல் ஆசிரியருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தாலே வயிறு கலங்கும். நான்கு வருடமும் ஒரே ஒருவரின் கையில் இருக்கும்போது, அவர் சரியில்லை என்று யாரிடம் சொல்வது? அவர்தான் நாளைக்கு வேலைக்கும் போட்டிக்கும் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவர். ஆசிரியரை மாற்றிக்கொள்ள முறைப்படி வழி இருக்கிறது, நான் மாற்றிக்கொண்டேன். அந்த வழி இருப்பதே முதல் வருடத்தில் எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. மூடிய அறைப் படிப்புக்கு இப்படி ஒரு வாசல் கட்டாயம் வேண்டும். குருகுலத்தைப் புகழ்கிற அண்ணா இதையும் யோசிக்க வேண்டும்.

உடம்பையும் கவனிக்கச் சொல்லுங்கள். இங்கே தசைநார் வலியால் ஒரு பருவம் முழுவதும் வில்லைத் தொடாமல் இருந்தவர்கள் உண்டு. இசைக்காரர், நடனக்காரருக்கென்றே மருத்துவ உதவி அமைப்பு இருக்கிறது. பாட்டுக்காரருக்குத் தொண்டை. குரல் கம்மினால் பாடாதே என்று சொல்ல ஆள் வேண்டும்.

கச்சேரி மேடை எழுதியது:

பைரவி சொன்ன வரலாற்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று பெரிய வித்வான்களே கல்லூரியில் இருந்தார்கள், இன்று அப்படி இல்லையே என்பதுதான் என் வாதம். பல இடத்தில் பணியிடங்களே நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாத ஆசிரியர் ஒரு மாணவியின் குரலை மூன்று வருடம் எப்படி வளர்ப்பார்?

குருவிடம் ஆபத்து உண்டு என்பதையும் மறுக்கவில்லை. குருமார்கள் மீது வெளியே வந்த பாலியல் புகார்களை நாம் எல்லோரும் படித்தோம். பெண் பிள்ளையை அனுப்புகிறவர்கள் எந்த இடமானாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பைரவி எழுதியது:

> அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாத ஆசிரியர்

இது உண்மை, இதுதான் என்னை மிகவும் வருத்துவதும். நல்ல பாடகர்கள் குறைந்த சம்பளத்தில் பகுதி நேரமாக வருகிறார்கள், மனம் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், திடீரென்று நின்றுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இசைக்கென்று 2013இல் ஒரு பல்கலைக்கழகமே வந்தது. ஆசிரியர் நிலையாக இல்லாவிட்டால் பலகை மாறி என்ன பயன்? பள்ளிக்கூடத்திலும் இதே கதை. 2012இல் நியமித்த 16,500க்கும் மேற்பட்ட பகுதி நேர சிறப்பாசிரியர்களில் இசை ஆசிரியர்களும் உண்டு. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள்! கல்லூரியில் படித்து வெளியே வருகிற பிள்ளைக்குப் போய்ச் சேர ஒரு பள்ளி இருந்தால்தான் பெற்றோர் தைரியமாகச் சேர்ப்பார்கள்.

மாயவரம் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த இழை முழுவதையும் மகளும் படித்தாள். "நான் டீச்சர் ஆனாலும் சந்தோஷம்தான், ஆனால் முதலில் ஒரு மணி நேரக் கச்சேரி தைரியமாகப் பாட வேண்டும்" என்றாள். இவ்வளவு தெளிவாக இதற்கு முன் சொன்னதில்லை.

சிதம்பரத்துக்கும் திருவையாற்றுக்கும் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். இரண்டு சந்தேகம். கல்லூரியில் சேர்ந்தால் வெளியே தனி குருவிடம் போக விடுவார்களா? அப்படிப் போக முடிந்தால் செலவுக்கு ஏதாவது வழி உண்டா? அப்புறம், ஏ.ஆர். ரஹ்மானின் கல்லூரியைப் பற்றியும் ஒருவர் சொன்னார்.

மதுரை சஹானா எழுதியது:

அண்ணா, முதலில் சொன்னதிலிருந்து கொஞ்சம் மாறுகிறேன். எனக்கு வயலினோடும் மிருதங்கத்தோடும் உட்கார்ந்து பாடிப் பழக வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்தக் குறை இன்று வரை இருக்கிறது. பிள்ளை விரும்புகிறாள் என்றால் அனுப்புங்கள். பி.காம். தொலைதூரக் கல்வியில் பிறகு கூட எழுதலாம்.

பைரவி எழுதியது:

கல்லூரியில் படித்துக்கொண்டே வெளியில் குரு வைத்திருப்பவர்கள் ஏராளம். பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. ஆனால் இருவரின் பாடாந்தரமும் (பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் வழி) வேறாக இருந்தால் ஒரே கீர்த்தனை இரண்டு சங்கதியாக இருக்கும். தேர்வில் எந்தப் பாடம் என்று குழப்பம் வரும். அதனால் குருவிடம் மனோதர்மத்துக்கு மட்டும் போகச் சொல்லுங்கள், கீர்த்தனைகளைக் கல்லூரிப் பாடத்திலேயே வைத்துக்கொள்ளட்டும்.

செலவுக்கு: மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை தருகிறது. குருவிடம் மேற்பயிற்சி பெறுவதற்கானது. நேர்முகத் தேர்வில் பாடிக் காட்ட வேண்டும், கல்பனாஸ்வரமும் ஆலாபனையும் தயாராக இருந்தால் நல்லது. ஆகாசவாணியின் குரல் தேர்விலும் (ஆடிஷன்) படிக்கும்போதே பாடட்டும். கச்சேரி நடத்தும் சபாக்காரர்கள் மார்க் ஷீட்டைப் பார்ப்பதில்லை, ஆகாசவாணி தரத்தைக் கேட்பார்கள்.

ரஹ்மானின் கே.எம். கன்சர்வேட்டரி 2008இல் தொடங்கியது. மேற்கத்திய இசை, பியானோ, ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நல்ல இடம். கட்டணம் அரசுக் கல்லூரியோடு ஒப்பிட முடியாது. கர்நாடகக் கச்சேரிதான் ஆசை என்றால் உங்களுக்கு அது தேவையில்லை.

நேரில் பார்க்கப் போகும்போது முன்கூட்டிச் சொல்லி வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். மகளும் கூட இருக்கட்டும். இறுதியாண்டு மாணவிகள் யாரையாவது தனியே அழைத்து, ஆசிரியர்கள் இல்லாத இடத்தில், பல்லவி வகுப்பில் தாங்கள் தனியாகப் பாடியிருக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். காலையில் போகாதீர்கள், காலையில் எல்லாக் கல்லூரியும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று மணிக்கு மேல் போங்கள். வகுப்பறைகள் பூட்டியிருக்கின்றனவா, உள்ளே யாராவது பாடிக்கொண்டிருக்கிறார்களா என்று அப்போது தெரிந்துவிடும்.